எதிரணிப் பெஞ்சில் அம்மா

எனக்கு முதலில் பின்னோக்கித்தான் சறுக்க வந்தது. மூன்றாம் வகுப்பில் கூடப் படித்த ஒருவனின் பிறந்தநாளை மெல்பேர்னில் துறைமுகப் பக்கம் இருந்த பனித்தளத்தில் கொண்டாடினார்கள். அடியில் கூரான இரும்புத் தகடு பூட்டிய வாடகைச் சப்பாத்துகளை இறுக்கிக் கட்டி எங்கள் எல்லோரையும் பனியில் இறக்கிவிட்டார்கள். மற்றப் பிள்ளைகள் விழுந்தும் எழும்பியும் முன்னுக்குப் போனார்கள். நான் வயதுக்கு மீறிய பருமன். ஒரு காலை முன்னால் வைத்தால் மற்றக் கால் தன்பாட்டில் வேறெங்கோ போனது. ஓரச் சுவரைப் பிடித்தபடி கனநேரம் நின்றுவிட்டுச் சலித்துப்போய், அந்தச் சுவரையே இரண்டு கைகளாலும் ஒரு தள்ளுத் தள்ளினேன். உடம்பு அப்படியே பின்னால் வழுக்கிக்கொண்டு போனது. விழவில்லை. தளத்தின் நடுவில் போய் நின்றேன். முன்னால் வரத் தெரியாததால் இடுப்பை இப்படியும் அப்படியும் நெளித்து இன்னும் பின்னாலேயே போய் எதிர்ச்சுவரில் முட்டினேன். கேக் வெட்டக் கூப்பிடும்வரை இதையேதான் செய்துகொண்டிருந்தேன்.

அங்கே சின்னப் பிள்ளைகளுக்கு ஐஸ் ஹாக்கி பழக்கிக்கொண்டிருந்த ஒரு பெண் இதைப் பார்த்துவிட்டு அப்பாவிடம் வந்தார். பின்னால் சறுக்குவது பிள்ளைகளுக்குக் கடைசியாகத்தான் வரும், இவனுக்கு அது முதலிலேயே வந்துவிட்டது, டிஃபென்ஸ் ஆடுகிறவனுக்கு வேண்டியது அதுதான் என்றார். அப்பா டிராம் ஓட்டுகிறவர். முன்னால் மட்டும் போகிற வண்டியை ஓட்டுகிறவனுக்கு இப்படி ஒரு பிள்ளையா என்று பகிடி விட்டபடியே என் பெயரைக் கொடுத்துவிட்டு வந்தார். பிறந்தநாள்காரனும் அதே கிழமை சேர்ந்தான். அவன் முன்னால் பாய்கிறவன், கோல் போடுகிறவன். நான் அவன் முகத்தைப் பார்த்தபடியே பின்னால் சறுக்கிக்கொண்டு போய் அவனை ஓரத்துக்குத் தள்ளிவிடுகிறவன். டிஃபென்ஸ் என்றால் அவ்வளவுதான் வேலை. பத்து வருடம் நாங்கள் இருவரும் கிழமைக்கு மூன்று நாள் அதையே ஒருவருக்கு ஒருவர் செய்து பழகினோம். அவனுக்கு எந்தப் பக்கம் திரும்பப் பிடிக்கும் என்பது அவனைவிட எனக்கு நன்றாகத் தெரியும்.

அம்மா பல் மருத்துவர். இலங்கையில் படித்துவிட்டு, இங்கே வந்து எல்லாப் பரீட்சைகளையும் திரும்ப எழுதி, கிளென் வேவர்லியில் ஒரு கிளினிக்கில் வேலை செய்கிறார். அவரைப் பொறுத்தவரை உலகத்து விளையாட்டுகள் இரண்டே வகை. பல்லுக்கு ஆபத்தானவை ஒரு வகை, ஆபத்தில்லாதவை மற்ற வகை. ஐஸ் ஹாக்கி முதலாவதில் முதலாவது. ஆனாலும் பதினெட்டு வயது வரைக்கும் முகம் முழுவதையும் மூடுகிற கம்பிக்கூடு போட்டுத்தான் ஆட வேண்டும் என்று விதி இருந்ததால், அந்த வருடங்கள் முழுக்க அவர் பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை. ஒவ்வொரு பருவமும் தொடங்குமுன் கேரம் டவுன்ஸ் கோவிலில் என் பெயருக்கு ஒரு அர்ச்சனை செய்வார். ஆட்டம் பார்க்க மட்டும் வரமாட்டார். கூட்டிப் போவதும் கொண்டு வருவதும் அப்பாதான்.

பதினெட்டு முடிந்த கிழமையே நான் கம்பிக்கூட்டைக் கழற்றிவிட்டு, கண்ணை மட்டும் மறைக்கிற தெளிந்த பிளாஸ்டிக் தகடு ஒன்றைப் பூட்டிக்கொண்டேன். பெரியவர்கள் எல்லோரும் அப்படித்தான் ஆடுவார்கள். அம்மா அந்த ஹெல்மெட்டைக் குசினி மேசையில் வைத்து, தகட்டுக்குக் கீழே தன் கையை நுழைத்துப் பார்த்தார். மூக்கிலிருந்து நாடி வரைக்கும் வெறும் காற்று.

“இந்த இடத்திலதான் எல்லாப் பல்லும் இருக்கு,” என்றார். “நாளைக்குக் கிளினிக்குக்கு வா.”

மறுநாள் ஒரு தட்டு நிறைய இளஞ்சிவப்புக் களியை என் வாய்க்குள் திணித்து, மூக்கால் மூச்சு விடு என்று சொல்லி அச்செடுத்தார். ஒரு கிழமையில் என் பற்களை மூடிக்கொள்ள அவற்றுக்கென்றே வார்த்த மௌத்கார்ட் ஒன்று வந்தது. கடையில் வாங்குவது வாய்க்குள் சப்பாத்து வைத்த மாதிரி இருக்கும். இது இருப்பதே தெரியவில்லை. போட்டுக்கொண்டே தண்ணீர் குடிக்கலாம், கத்தலாம், ஆளைத் திட்டலாம்.

அந்த வருடம்தான் என்னையும் பிறந்தநாள்காரனையும் மெல்பேர்னின் பெரிய அணி ஒன்று எடுத்தது. அணித் தலைவர் பகலில் எலெக்ட்ரீஷியன், முன்பற்கள் இரண்டு இல்லாதவர். உடை மாற்றும் அறையில் நான் மௌத்கார்டோடு தெளிவாகப் பேசுவதைக் கண்டுவிட்டு, இதை எங்கே வாங்கினாய் என்று கேட்டார். அம்மா என்றேன். அடுத்த சனிக்கிழமை அவர் அம்மாவின் கிளினிக் நாற்காலியில் வாயைத் திறந்தபடி கிடந்தார். அதற்கடுத்த சனிக்கிழமை நான்கு பேர் வந்தார்கள். இரண்டு மாதத்துக்குள் அணி முழுவதும் அம்மா செய்த மௌத்கார்டோடு ஆடியது. அவர்களுடைய பற்களின் வெள்ளைச் சாந்து அச்சுகள் எங்கள் வீட்டுக் குளிர்பெட்டியின் மேலே வரிசையாக இளித்துக்கொண்டிருந்தன.

அதற்குப் பிறகு அம்மா ஆட்டம் பார்க்க வரத் தொடங்கினார். என்னைப் பார்க்க என்று நான் நினைத்தேன். தன் மௌத்கார்டுகளைப் பார்க்கத்தான் வந்தார். அவருக்கு ஆட்டக்காரர்களின் முகமோ எண்ணோ மனதில் நிற்காது. ‘கீழ்வாய்ப் பல் ஒன்றுக்கு மேல் ஒன்று ஏறின பிள்ளை’, ‘ஞானப்பல் எடுக்க வேண்டிய ஆள்’ என்றுதான் சொல்வார். எவனாவது மௌத்கார்டைச் சுயிங்கம் மாதிரிப் பாதி வெளியே தொங்கவிட்டுச் சப்பினால் ஆட்டம் முடிந்ததும் நேரே போய்க் கேட்பார். பிறந்தநாள்காரன் அந்தப் பழக்கத்தில் முதல் ஆள். “சொறி அன்ரி, சொறி அன்ரி” என்று மன்னிப்புக் கேட்டபடி ஒவ்வொரு முறையும் தப்பித்துவிடுவான். அணிக்காரர்கள் அம்மாவுக்கு ஒரு மேற்சட்டை கொடுத்தார்கள். முதுகில் எண் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு கடைவாய்ப்பல் படம். பெஞ்சின் கடைசியில், முதலுதவிக்காரருக்குப் பக்கத்தில் அவருக்கு ஒரு கதிரையும் போட்டார்கள்.

அம்மாவுக்கு இடம் கிடைத்த அளவுக்கு எனக்குக் கிடைக்கவில்லை. ஓர் ஆட்டத்தில் ஆறு டிஃபென்ஸ்காரர்கள் சோடி சோடியாக மாறி மாறி இறங்குவார்கள். நான் ஏழாவது. யாருக்காவது கால் பிடித்துக்கொண்டால் இரண்டு நிமிடம் கிடைக்கும். சில ஞாயிற்றுக்கிழமைகளில் சப்பாத்து நனையாமலே வீட்டுக்கு வந்திருக்கிறேன். இரண்டாம் பருவத்திலும் அப்படியே போகும் போலிருந்த வேளையில் சிட்னியில் இருந்து ஓர் அணியின் பயிற்சியாளர் தொலைபேசியில் அழைத்தார். அவருடைய டிஃபென்ஸ்காரர்களில் ஒருவருக்குத் தோள்மூட்டு விலகிவிட்டது, இன்னொருவர் கல்யாணம் கட்டி நியூசிலாந்துக்குப் போய்விட்டார். வந்தால் ஒவ்வொரு ஆட்டத்திலும் இறக்குவேன், தங்க அறை பார்த்துத் தருவேன், கிழமைச் சம்பளமும் உண்டு, ஆனால் பகலில் பனித்தளத்தில் சப்பாத்துத் தீட்டி, சின்னப் பிள்ளைகளுக்கும் பழக்க வேண்டும் என்றார்.

ஐஸ் ஹாக்கி ஆடினால் கையில் காசு தருவார்கள் என்று ஒருவர் என்னிடம் சொன்னது அதுதான் முதல் தடவை. இந்த நாட்டில் ஆடுகிறவர்களில் பெரும்பாலானவர்கள் தங்கள் கைக்காசைப் போட்டுத்தான் ஆடுகிறார்கள். எவ்வளவு என்றுகூடக் கேட்காமல் ஓம் என்றேன்.

வீட்டில் சொன்னபோது அப்பா எழுந்து வந்து கட்டிப்பிடித்தார். அம்மா குளிர்பெட்டியின் மேலே இருந்த அச்சுகளைப் பார்த்தார். பல்கலைக்கழகப் படிப்பை என்ன செய்யப் போகிறாய் என்றார். பாதியை ஒன்லைனில் படிக்கலாம் என்றேன். சரி என்றார். அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது.

“அம்மா, நீங்கள் இனி இங்கத்தை ரீமுக்குப் போகமாட்டீங்கள்தானே?”

“ஏன் போகமாட்டன்? பருவம் முடியுமட்டும் வாறன் எண்டு சொல்லிப்போட்டன். நீ போறாய் எண்டதுக்காக அந்தப் பிள்ளையளின்ர பல்லை விட்டிட்டு வரேலுமோ?”

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

சிட்னியில் எனக்குக் கிடைத்த அறை மேய்ஸ் ஹில் கோவிலுக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டின் மாடியில் இருந்தது. அது கோயம்புத்தூர்க்காரர்களின் வீடு. வீட்டுக்கார அக்கா ஆஸ்பத்திரியில் நர்ஸ், அவருடைய கணவரான அண்ணா கம்ப்யூட்டர் வேலை. முதல் நாள் நான் தோளளவு பையை இழுத்துக்கொண்டு படியேறியதைப் பார்த்த அக்கா, உள்ளே என்ன தம்பி, ஆளா என்று கேட்டார். ஐஸ் ஹாக்கிச் சாமான் என்றேன். ஹாக்கி புல்லில்தானே ஆடுவார்கள் என்றார். பனியில் ஆடுவதும் உண்டு என்று விளக்கினேன். கேட்டு முடித்துவிட்டு, சாப்பாடு போடுகிறேன், ஆனால் அந்தப் பை வெளியே கராஜில்தான் இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். அவர் மூக்கு சரியாகவே வேலை செய்தது. ஐஸ் ஹாக்கிக் கையுறையின் வாடையை ஒரு தரம் அறிந்தவர் மறக்கமாட்டார்.

முதல் ஆட்டத்தில் ஏழுக்கு ஒன்று என்று தோற்றோம். அந்த ஏழில் ஐந்து நான் பனியில் நின்றபோது விழுந்தவை. ஒரு பருவத்துக்கு மேல் பெஞ்சிலேயே இருந்த உடம்புக்கு எல்லாம் ஒரு நொடி பிந்தித்தான் தெரிந்தது. ஒரு முறை எதிரணிக்காரன் அடித்த பக்கைத் தடுக்க நான் நீட்டிய ஸ்டிக்கில் பட்டு அது எங்கள் கோலுக்குள்ளேயே போனது. பக் என்பது ஆட்டத்தில் அடிக்கப்படும் கறுப்பு ரப்பர் வட்டு. அன்றைக்கு அது எனக்கு வேண்டாத சொந்தக்காரன் மாதிரி எங்கே திரும்பினாலும் எதிரே வந்து நின்றது. பயிற்சியாளர் திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் ஒன்றும் சொல்லாமல் அடுத்த ஆட்டத்துக்கும் என் பெயரை எழுதிவிட்டுப் போனார். வேறு ஆள் இல்லை என்பதும் ஒரு காரணம்.

என் சோடியாக ஆடியவர் லாத்வியா நாட்டிலிருந்து இந்தப் பருவத்துக்காக மட்டும் வந்தவர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், உயரம் கதவளவு, பேச்சு மிகக் குறைவு. எங்கள் இருவருக்கும் ஒரு பிரச்சினை இருந்தது. கோலுக்குப் பின்னால் பக்கை எடுக்கப் போகிறவனுக்கு முதுகில் கண் இல்லை. சோடிக்காரன்தான் பார்த்துச் சத்தம் போட்டுச் சொல்ல வேண்டும். விடு, நான் எடுக்கிறேன். அல்லது, கோலைச் சுற்றிக்கொண்டு வா. அல்லது, உன் பின்னால் ஆள் வருகிறான். நாங்கள் ஆங்கிலத்தில் கத்தினால் எதிரணிக்காரனும் கேட்டுக்கொண்டு முந்திவிடுவான். லாத்விய மொழியில் கத்தலாமா என்று அவர் கேட்டார். அந்தச் சொற்கள் என் நாக்கில் ஏறவில்லை. தமிழில் முயன்று பார்ப்போம் என்றேன். விடு, சுத்து, ஆள் என்று மூன்றே சொற்கள். அவர் ஒரு மத்தியானம் முழுவதும் சப்பாத்துத் தீட்டும் அறையில் என் பக்கத்தில் இருந்து அவற்றைப் பாடமாக்கினார். ‘ஆள்’ மட்டும் கடைசிவரை ‘ஆல்’ என்றே வந்தது.

அது அருமையாக வேலை செய்தது. இரண்டாம் கிழமை இரண்டு கோல் வித்தியாசத்தில் தோற்றோம். மூன்றாம் கிழமை வென்றோம். அந்தப் பெரிய மனிதர் தொண்டை கிழிய “சுத்து, சுத்து” என்று கத்துவதையும், எதிரணிக்காரர்கள் ஒன்றும் விளங்காமல் முழிப்பதையும் பார்க்கவென்றே எங்கள் வீட்டு அக்கா ஒரு நாள் கம்பளிக் குல்லாய் போட்டுக்கொண்டு வந்தார். வீட்டுக்கு வந்து அண்ணாவிடம் நடித்துக் காட்டினார். எனக்கு உடம்பிலும் தெம்பு வந்திருந்தது. ஒரு தடவை பனியில் இறங்கினால் முக்கால் நிமிடம் உயிரைக் கொடுத்து ஓட வேண்டும், பிறகு பெஞ்சில் மூச்சு வாங்க வேண்டும். ஆட்டம் முழுக்க அப்படியே. பெஞ்சில் இருக்கும்போது அடுத்த முறைக்காகத் துடிப்பது எவ்வளவு இன்பம் என்பது ஏழாவது ஆளாக இருந்தவனுக்குத்தான் தெரியும்.

பருவத்தின் நடுவில் மெல்பேர்னுக்குப் போனோம். என் பழைய அணியோடு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஆட்டம். அப்பா காலரி மேல்வரிசையில், பாதி மெல்பேர்ன் நிறத்திலும் பாதி சிட்னி நிறத்திலும் ஒரு சால்வையைத் தானே தைத்துப் போட்டுக்கொண்டு நின்றார். எதிரணிப் பெஞ்சின் கடைசியில், அதே கதிரையில், கடைவாய்ப்பல் போட்ட சட்டையோடு அம்மா. பயிற்சிச் சுற்று வரும்போது நான் கண்ணாடிக்குப் பக்கத்தில் போய்க் கை காட்டினேன். அவர் தன் உதட்டைத் தொட்டுக் காட்டினார். மௌத்கார்ட் போட்டாயா என்று அர்த்தம்.

முதல் பகுதி முழுக்க நாங்கள்தான் மேலே நின்றோம். இரண்டுக்கு ஒன்று. லாத்வியாக்காரர் கத்த நான் விட, நான் கத்த அவர் சுற்ற, மெல்பேர்ன்காரர்களுக்குப் பக் கிடைக்கவேயில்லை. இடைவேளை முடிந்து இரண்டாம் பகுதி தொடங்கியதும் ஏதோ மாறிவிட்டது. நான் “விடு” என்றால் லாத்வியாக்காரர் விடுமுன்பே பிறந்தநாள்காரன் அங்கே வந்து நின்றான். அவர் “சுத்து” என்றால் கோலின் மற்றப் பக்கத்தில் எலெக்ட்ரீஷியன் எனக்காகக் காத்திருந்தார். அப்படியே இரண்டு கோல் வாங்கினோம். லாத்வியாக்காரர் என்னைப் பார்த்தார். நான் எதிரணிப் பெஞ்சைப் பார்த்தேன். அம்மா கையிரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு நேரே பார்த்தபடி இருந்தார்.

மூன்றாம் பகுதியின் நடுவில்தான் அது நடந்தது. பிறந்தநாள்காரன் பக்கோடு என்னை நோக்கி வந்தான். அவன் இடப்பக்கம் திரும்புவான் என்று தெரிந்து நான் முன்பே அங்கே போனேன். அவனுடைய ஸ்டிக்கை என் ஸ்டிக்கால் கீழிருந்து தூக்கிப் பக்கைப் பறிப்பது எத்தனையோ ஆயிரம் தடவை செய்த வேலை. இந்த முறை என் ஸ்டிக் அவனுடையதில் வழுக்கி மேலே போய் அவன் வாயில் பட்டது. அவன் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு முழங்காலில் விழுந்தான். மௌத்கார்ட் வழமைபோல வாய்க்கு வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. நடுவரின் விசில் கேட்டது. நான் பக்கத்தில் போய் இருந்து சொறி, சொறி என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். அவன் கையை எடுத்தான். மேல்வரிசை முன்பல் ஒன்று இருந்த இடத்தில் இரத்தம்.

“பல்லு எங்க?” என்று அம்மாவின் குரல் கேட்டது. அவர் கதிரையில் ஏறி நின்றார். “பல்லைத் தேடு தம்பி! கெதியா!”

வெள்ளைப் பனியில் வெள்ளைப் பல்லைத் தேடிப் பார்த்திருக்கிறீர்களா? இரண்டு அணிகளும் ஸ்டிக்குகளைப் போட்டுவிட்டு முழங்காலில் ஊர்ந்தன. நடுவர்களும் குனிந்து தேடினார்கள். காலரியில் எல்லோரும் எழுந்து நின்று, அங்கே, இல்லை, இங்கே என்று கை காட்டினார்கள். லாத்வியாக்காரர் தன் நீளக் கைகளால் பனியைத் தடவிக்கொண்டே வந்தார். ஓரச் சுவருக்குக் கிட்ட, சப்பாத்து கிழித்த ஒரு கீறலுக்குள் மங்கலான சிவப்புப் பொட்டு ஒன்று என் கண்ணில் பட்டது. கையுறையைக் கழற்றினேன்.

“வேரைத் தொடாத!” அரங்கம் முழுக்கத் தமிழ் கேட்டது. “வெள்ளைப் பக்கத்தைப் பிடி. துடைக்காத, ஒண்டும் செய்யாத, அப்பிடியே கொண்டு வா!”

இரண்டு விரலால் பிடித்தபடி அவ்வளவு மெதுவாக நான் வாழ்க்கையில் சறுக்கியதில்லை. அப்பா அதற்குள் படிகளில் இறங்கிப் பால் வாங்க ஓடியிருந்தார். அம்மா சொல்லிச் சொல்லி அவருக்கும் பாடம்தான், விழுந்த பல்லைப் பாலில் போட வேண்டும் என்று. சிற்றுண்டிக் கடைப் பெண் எந்தப் பால், ஓட்டா பாதாமா என்று கேட்டாளாம். மாட்டுப் பால், மாட்டுப் பால் என்று அப்பா கத்தியதைப் பிறகு அங்கே நின்ற பலர் என்னிடம் சொன்னார்கள். காப்பிக் கோப்பையில் பால் வந்தது. பல்லை அதற்குள் போட்டுவிட்டு, நண்பனைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு முதலுதவி அறைக்குப் போகத் திரும்பிய அம்மா, என்னைப் பார்த்து ஒன்றே ஒன்று சொன்னார்.

“கண்டு பிடிச்சது நல்லது. போய்ப் பெட்டிக்குள்ள இரு.”

நடுவரும் அதையேதான் சொன்னார். ஸ்டிக்கைத் தூக்கி முகத்தில் காயப்படுத்தினால் நான்கு நிமிடம் தண்டனைப் பெட்டிக்குள் இருக்க வேண்டும். அதுவரை என் அணி ஓர் ஆள் குறைவாக ஆட வேண்டும். கண்ணாடிக் கூட்டுக்குள் தனியாக இருந்துகொண்டு நான் ஆட்டத்தைப் பார்க்கவில்லை. முதலுதவி அறைக் கதவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். எட்டு வயதிலிருந்து கூட விளையாடுகிறவன். அவனுடைய அம்மாவுக்கு என்ன சொல்வது என்று ஒரு பக்கம் யோசனை. லாத்வியாக்காரர் அந்த நான்கு நிமிடமும் வெளியே வராமல் நின்று, இரண்டு அடிகளை நெஞ்சால் வாங்கி, எங்கள் கோலைக் காத்தார் என்பதை ஒளிப்பதிவில்தான் பிறகு பார்த்தேன்.

தண்டனை முடிந்து பெட்டியின் கதவு திறந்த அதே கணத்தில் அவர் தட்டிவிட்ட பக் நீளத்துக்கு வந்து எனக்கு முன்னால் விழுந்தது. எனக்கும் எதிரணிக் கோல்காப்பாளருக்கும் இடையில் யாரும் இல்லை. டிஃபென்ஸ்காரனுக்கு அப்படி ஒரு நிலைமை வாழ்நாளில் இரண்டொரு தடவைதான் வரும். முன்னால் ஓடத் தெரியாமல் தொடங்கியவன் நான். உயிரை விட்டு ஓடினேன். மேல்மூலைக்கு அடிக்க நினைத்துத்தான் ஸ்டிக்கை இழுத்தேன். பனியில் இருந்த ஒரு பொருக்கில் பக் தட்டுப்பட்டு என் ஸ்டிக்கிலிருந்து நழுவி, மெதுவாக, வெட்கப்பட்டுக்கொண்டு, காப்பாளரின் இரண்டு கால்களுக்கும் நடுவால் உள்ளே போனது. பெரிய அணிகளில் ஆடத் தொடங்கியபின் நான் போட்ட முதல் கோல். மூன்றுக்கு மூன்று. மேல்வரிசையில் இரண்டு நிறச் சால்வை சுழன்றதைப் பார்த்தேன். எதிரணிப் பெஞ்சின் கடைசிக் கதிரை காலியாக இருந்தது.

கடைசி நிமிடத்தில் எலெக்ட்ரீஷியன் என்னைத் தாண்டிப் போய் ஒரு கோல் போட்டார். நாலுக்கு மூன்று என்று தோற்றோம். அதில் பிழை முழுக்க என்னுடையது. ஆனால் அன்றைக்கு அதை நினைத்துக் கவலைப்பட எனக்கு நேரம் இருக்கவில்லை.

முதலுதவி அறை வாசலில் அம்மா கையுறையைக் கழற்றிக்கொண்டு நின்றார். உள்ளே பிறந்தநாள்காரன் கட்டிலில் இருந்தபடி பெருவிரலைக் காட்டினான். பல் அதன் இடத்தில் நின்றது. பக்கத்துப் பற்களோடு சேர்த்து மெல்லிய கம்பி ஒன்றால் தற்காலிகமாகக் கட்டியிருந்தார். நாளை கிளினிக்கில் ஒழுங்காகக் கட்டுவாராம். நான் அவனிடம் மறுபடியும் சொறி என்றேன். அவன் வாயைத் திறக்க முடியாமல், தொலைபேசியில் எழுதிக் காட்டினான். தன் பிழை, மௌத்கார்ட் போடவில்லை, அன்ரி ஏற்கெனவே நல்லாய் ஏசிவிட்டார் என்று எழுதியிருந்தான்.

அப்பா மூச்சிரைக்க வந்து என் கோலை அம்மாவிடம் நடித்துக் காட்டினார். அம்மா ஒளிப்பதிவைப் போடச் சொன்னார். ஒரு தரம் பார்த்தார். திரும்பப் போடச் சொன்னார். மூன்றாம் தரம் பார்க்கும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு என்னைக் கேட்டார்.

“ஓடேக்க ஏன் வாயைத் திறந்து வைச்சிருக்கிறாய்?”

அதற்குப் பதில் சொல்லாமல் நான் கேட்க வேண்டியதைக் கேட்டேன்.

“அம்மா, இடைவேளையில நீங்கள் அவையளுக்கு எங்கட தமிழைச் சொல்லிக் குடுத்தனீங்களோ?”

“ஓம்,” என்றார் தயங்காமல். “அந்தப் பெரியவர் என்ன கத்திறார் அன்ரி எண்டு கேட்டாங்கள். சொன்னனான். தெரியாது எண்டு பொய் சொல்லச் சொல்றியோ?”

அப்பா சிரிக்கத் தொடங்கினார். உள்ளேயிருந்து பிறந்தநாள்காரன் சிரிக்க முயன்று வலியில் முனகினான். எனக்கு வந்த கோபம் பாதி வழியில் நின்றுவிட்டது. நானும் சிரித்தேன். பஸ்ஸில் விமான நிலையத்துக்குப் போகும்போது லாத்வியாக்காரருக்கு விஷயத்தைச் சொன்னேன். அவர், உன் அம்மாவை எங்கள் பெஞ்சுக்கு எடுக்க என்ன வழி என்று கேட்டார்.

பல் பிடித்துக்கொண்டது. இரண்டு கிழமைக்குப் பிறகு அம்மா கம்பியை எடுத்தார், பின்னர் வேரையும் சிகிச்சை செய்து மூடினார். நண்பன் ஆப்பிளைக் கடித்துப் படம் எடுத்து அனுப்பினான். நாங்கள் அந்தப் பருவத்தைக் கடைசிக்கு ஒரு படி மேலே முடித்தோம். முந்தின வருடம் கடைசி என்பதால் அதற்கும் ஒரு சின்னக் கொண்டாட்டம் நடந்தது. பருவம் முடிந்து மெல்பேர்ன் அணிக்குக் கொடுத்த வாக்கும் முடிந்த அடுத்த வெள்ளிக்கிழமையே அம்மா ஒரு பெட்டி நிறைய அச்சுத் தட்டுகளோடு சிட்னிக்கு வந்து இறங்கினார். எங்கள் பயிற்சியாளர் கேட்டிருந்தார்.

அக்காவின் சமையலறையில்தான் அச்செடுப்பு. வரிசையாகப் பத்தொன்பது முரட்டு ஆண்கள் சாப்பாட்டு மேசை நாற்காலியில் இருந்து வாயைத் திறந்தார்கள். அக்காவும் நர்ஸ் என்பதால் கையுறை போட்டுக்கொண்டு களி கரைத்துக் கொடுத்தார். இரண்டு பேரும் முதல் அரைமணி நேரம் ஒருவர் தமிழை மற்றவருக்கு விளங்கப்படுத்துவதிலேயே கழித்தார்கள்.

“எல்லாருக்கும் இட்லி வச்சிருக்கேன், இப்பவே குடுக்கலாமா?” என்று அக்கா கேட்டார்.

“இருங்கோ பிள்ளை, அச்சு எடுத்து முடியட்டும். இல்லாட்டி இட்லியின்ர அச்சுத்தான் வரும்.”

அறுபது இட்லி காலியானது. அச்சு வரிசை அக்காவின் சமையலறை அலமாரியில் இரண்டு நாள் இருந்தது. அண்ணா தண்ணீர் குடிக்க வந்து பயந்துபோனதாகக் கேள்வி.

பயிற்சியாளர் அன்றைக்கு எல்லோரும் போனபிறகும் நின்றார். பையிலிருந்து அடுத்த பருவத்துக்கான ஒப்பந்தத்தை எடுத்து மேசையில், சாம்பார்க் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்தார். முதல் சோடியில் ஆட வேண்டும், பிள்ளைகளுக்கான பயிற்சி முழுவதையும் நான் பொறுப்பெடுக்க வேண்டும் என்று அதில் இருந்தது. அம்மா அதை முதலில் இருந்து கடைசி வரை இரண்டு தரம் வாசித்துவிட்டு, பேனையை என் பக்கம் தள்ளினார். கையெழுத்துப் போட்டேன். அப்பாவுக்குத் தொலைபேசியில் படம் அனுப்பினேன். அவர் டிராம் டிப்போவில் எல்லோருக்கும் காட்டினாராம்.

அடுத்த திங்கட்கிழமை பள்ளி விடுமுறை தொடங்கியது. காலை ஏழு மணிக்கே பனித்தள வாசலில் பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். நான் கதவைத் திறந்து, விளக்குகளைப் போட்டு, முதல் சோடிச் சப்பாத்தைத் தீட்டுகிற சக்கரத்தில் வைத்தேன். பொறி பறந்தது. அன்றைக்குத் தீட்ட இன்னும் நிறைய இருந்தது.